படு புட்டா, தறி ஓடுது

என் பெண்டாட்டி என்னை ஏமாற்றிவிட்டாள் என்று சொன்னால் தெருவில் எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். நீங்கள் நினைக்கிற விஷயம் இல்லை ஐயா. இது ஒரு நாய்க்குட்டி விஷயம். 'ப்பூ, இவ்வளவுதானா' என்று சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்கு வயிறு எரிகிறது. எனக்குத் தெரியாமல் செய்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். என் கண்ணெதிரில், என் தறியை என் காலாலேயே மிதிக்கவைத்துச் செய்தாள்.

பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடுகிற வீட்டில் யாரும் நாய் வளர்ப்பதில்லை. எங்கள் கூடம்தான் தறி இருக்கும் இடம். காலைத் தொங்கவிட்டு மிதிப்பதற்குத் தரையில் குழி, அதற்கு மேலே ஆயிரக்கணக்கான இழையாக நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பட்டுப் பாவு. ஒரு நாய் ஒரு தாவு தாவினால் போதும், அத்தனையும் நாசம். இது எனக்குத் தெரியாதா? மீசை முளைக்கும் முன்னாலேயே தறியில் உட்கார்ந்தவன் நான். தெரிந்தும் ஆசைப்பட்டுத் தொலைத்தேன்.

ஆசையைக் கிளப்பிவிட்டவன் யேசுதாஸ். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், இப்போது ரயில்வே கேட் பக்கம் வெல்டிங் கடை வைத்திருக்கிறான். அவன் கடைக்குப் பின்னால் குட்டி போட்டிருந்த தெருநாய் டிப்பர் லாரியில் அடிபட்டுச் செத்துப்போயிற்று. குட்டிகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்து முடித்தவன், கடைசிக் குட்டியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டான்.

"இத்த மட்டும் யாரும் கேக்கல தேவா. நீ வெச்சுக்கோ."

"வீட்ல தறி ஓடுதுப்பா. நாயை எங்க வெப்பேன்?"

"தலையில வெச்சுக்கோ. போவியா!"

வெள்ளைக் குட்டி. முதுகில் ஒரே ஒரு பழுப்பு வட்டம், சேலையில் நாங்கள் போடுகிற புட்டா மாதிரி கச்சிதமாக. அதைப் பார்த்த பிறகு வேறு பேர் தேட வேண்டியிருக்கவில்லை. புட்டா என்றே கூப்பிட்டேன். என் மனைவி மஹாலட்சுமி மட்டும் கூப்பிடவில்லை. அவளுக்கு அது 'உங்க நாய்'.

வந்த வாரமே உங்க நாய் தன் வேலையைக் காட்டியது. குறுக்கே ஓட்டுகிற ஊடை நூலைச் சுற்றி வைத்திருந்த தார்க்குச்சிகளை எல்லாம் கூடையோடு கவிழ்த்து, ஒன்று விடாமல் கடித்துத் துப்பி, பட்டு இழையைக் காலில் சுற்றிக்கொண்டு குழிக்குள் விழுந்து கிடந்தது. மஹாலட்சுமி போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நீலாம்பாள் அக்கா ஓடிவந்துவிட்டார்.

"இன்னாங்க இது! முதலாளி பட்டு எங்கன்னு கேட்டா, நாய் தின்னுச்சுன்னு சொல்வீங்களா? நாயா தறியான்னு இப்பவே முடிவு பண்ணுங்க!"

"ரெண்டும்தான்" என்றேன். வீம்பு, வேறென்ன.

அன்றைக்கே போனில் வீடியோ தேடினேன். ஒரு அம்மா பெரிய வீட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டு, குட்டிநாயை வீட்டில் அமைதியாக இருக்கப் பழக்குவது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கூண்டு வேண்டுமாம். கூண்டு நாய்க்கு ஜெயில் இல்லையாம், அதனுடைய சொந்த அறையாம். சரிதான், எனக்கே சொந்த அறை கிடையாது! ஆனால் அந்த அம்மா சொன்னதில் விஷயம் இருந்தது. பிடித்துத் தள்ளக்கூடாது, தானாகப் போகவேண்டும். சாப்பாட்டை உள்ளே வைக்கவேண்டும். முதலில் கதவைச் சாத்தவே கூடாது. சாத்திய பிறகு அழுதால் திறக்கக்கூடாது, வாயை மூடிய பிறகுதான் திறக்கவேண்டும். அப்போதுதான் அமைதியாக இருந்தால் கதவு திறக்கும் என்று அதற்குப் புரியும்.

மிச்சமிருந்த ஜன்னல் கம்பிகளை வைத்து யேசுதாஸ் ஒரு கூண்டு பற்றவைத்துக் கொடுத்தான். அடியில் பழைய போர்வையை விரித்து, மேலே என் லுங்கியைப் போர்த்தி, தறிக்குப் பக்கத்திலேயே வைத்தேன். புட்டா மோந்து பார்த்தது, மூஞ்சியை நுழைத்தது, உள்ளே வைத்த பொரை ரொட்டியைக் கவ்விக்கொண்டு வெளியே ஓடியது. ஒரு வாரம் இந்தக் கண்ணாமூச்சிதான். பிறகு உள்ளேயே உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தது.

கதவைச் சாத்துவதற்கு வேளை பார்க்கவேண்டுமே. தறிக்காரனுக்கு வேளை என்றால் தறிதான். நான் தறியில் இறங்கும்போது சாத்துவேன். "படு புட்டா, தறி ஓடுது" என்று சொல்லிவிட்டு மிதிப்பேன். இழை அறுந்தாலோ, டீ வந்தாலோ, ஜரிகை தீர்ந்தாலோ தறி நிற்கும். நின்றதும் திறந்துவிடுவேன், வெளியே வந்து என் கையை நக்கும். முதலில் கத்திக் கூப்பாடு போட்டதுதான். மெதுவாக அடங்கியது. அப்புறம் ஊடையை நெருக்கி அடிக்கிற பன்னை 'டக்' என்று விழும் சத்தம் கேட்டாலே எங்கே இருந்தாலும் ஓடிவந்து கூண்டுக்குள் படுத்துக்கொள்ளும். கடைசியில் கதவைச் சாத்துவதையே விட்டுவிட்டேன். திறந்த கூண்டுக்குள், தறி நிற்கும்வரை, சாமி மாதிரி படுத்திருக்கும். நீலாம்பாள் அக்கா கதவோரம் நின்று பிஸ்கட்டை ஆட்டிப் பார்த்தார். அது பிஸ்கட்டைப் பார்த்தது, தறியைப் பார்த்தது, எச்சில் ஒழுகியது, எழுந்திருக்கவில்லை.

"ஏம்பா தேவேந்திரா, உன் பேச்ச வீட்ல கேக்கறது இது ஒண்ணுதான்" என்றார் அக்கா.

மஹாலட்சுமிக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுடையது கோர்வைத் தறி. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்பதால் ஓர் ஆள் நெய்ய முடியாது. நான் ஊடைத் தார் வைத்த நாடாவை எறிந்தால் அவள் என் வலப்பக்கம் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கித் திருப்பவேண்டும். கல்யாணமான நாளிலிருந்து தோளோடு தோள் இடிக்க அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறோம். என் கை எப்போது வரும் என்று பார்க்காமலே அவளுக்குத் தெரியும். அவள் மூச்சு மாறினாலே இழை அறுந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். அவள் என்னை ஏமாற்ற முடியும் என்று நான் ஏன் நினைக்கப்போகிறேன்?

அமாவாசையன்றுதான் நான் செய்த கோளாறு தெரிந்தது. எங்கள் ஊரில் அமாவாசைக்குத் தறி ஓட்டமாட்டோம். அன்றைக்கு நாங்கள் இருவரும் திருப்புட்குழியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போகவேண்டியிருந்தது. புட்டாவைக் கூண்டில் விட்டு, கதவைச் சாத்தி, தண்ணீர் வைத்துவிட்டு நிம்மதியாகப் போனோம். திரும்பி வந்தால் தெருவே வாசலில் நிற்கிறது. போனதிலிருந்து ஊளையாம். ஒரு நிமிஷம் நிறுத்தவில்லையாம். கம்பியைக் கடித்து வாயெல்லாம் ரத்தம்.

யேசுதாஸ் விழுந்து விழுந்து சிரித்தான். "அட மடையா, நீ நாய்க்குக் கூண்ட கத்துக்குடுக்கல, தறிய கத்துக்குடுத்துக்கீற! சத்தம் இருந்தாத்தான் அதுக்கு அது வீடு. சத்தம் இல்லன்னா வெறும் கம்பி."

பாழாய்ப்போன வீடியோவில் இதை யார் சொன்னார்கள்? உலகத்தில் நாய் வளர்க்கிறவர்கள் வீட்டில் எல்லாம் தறியா இருக்கிறது? அசடு வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். மஹாலட்சுமி அவனுக்கு டீ கொடுத்துவிட்டு அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள்.

இந்தச் சமயத்தில்தான் என் மச்சான் காசிநாதன் வந்தார். மஹாலட்சுமிக்கு அண்ணன். ஒரகடம் பக்கம் கார் கம்பெனியில் வேலை, அங்கேயே அபார்ட்மெண்டில் வீடு. அந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நேரில் வந்து தாம்பாளம் வைத்து அழைக்காமல் வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினார். நான் போகவில்லை, அவளையும் போகவிடவில்லை. அதிலிருந்து போக்குவரத்து கிடையாது. அவரே இறங்கி வந்து வாசலில் நின்றபோது மஹாலட்சுமி கையில் இருந்த செம்பைக் கீழே போட்டுவிட்டாள். நானும் "வாங்க மச்சான்" என்று வாய் நிறையக் கூப்பிட்டேன். பழசையே பிடித்துத் தொங்குகிற ஆள் இல்லை நான்.

கூட வந்த அவர் மகள் மித்ரா, காபிகூடக் குடிக்காமல் புட்டாவோடு தரையில் உருண்டாள்.

"இவளும் நாய் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கறா மாப்ள. எங்க அபார்ட்மெண்ட்ல குலைச்சா ஒத்துக்க மாட்டாங்க. பக்கத்து பிளாட்காரர் நாயைத் திருப்பி அனுப்ப வெச்சுட்டாங்க."

என் வாய் சும்மா இருந்ததா? "குலைக்கிறதா? இங்க பாருங்க" என்று தறியில் இறங்கினேன். மஹாலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்தாள். "படு புட்டா, தறி ஓடுது" என்றதும், அந்தப் பிள்ளையின் மடியிலிருந்து எழுந்து போய்க் கூண்டில் படுத்தது. மித்ரா கூப்பிட்டாள், கெஞ்சினாள், கை தட்டினாள். ம்ஹூம். மச்சான் வாயைப் பிளந்துவிட்டார். எனக்குக் கொள்ளைப் பெருமை. அமாவாசைக் கதையை நான் சொல்லவில்லை.

அடுத்த நாள் நெய்துகொண்டிருக்கும்போது மஹாலட்சுமி போனைப் பாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தாள்.

"மித்ராவுக்குத் தறி ஓடறத பாக்கணுமாம். கொஞ்ச நேரம் வீடியோ எடுக்கறேன். புட்டாகிட்ட பேசுவீங்களே, அதையும் பேசுங்க."

பேசினேன். நல்ல குரலில், நிறுத்தி நிதானமாக. "படு புட்டா, தறி ஓடுது. அப்டித்தான், என் ராசா." அவள் பக்கத்தில் உட்கார்ந்து நாடாவைத் திருப்பித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கை கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மச்சானின் கார் தெருமுனையில் வந்து நின்றது.

"புட்டாவுக்கு வெறிநாய் ஊசி போடணும்னீங்களே. அண்ணன் கால்நடை ஆஸ்பத்திரி வழியாத்தான் போவுது. நான் கூடப் போய் போட்டுக்கினு வந்துடறேன். நீங்க எதுக்கு அலையணும்?" என்றாள் மஹாலட்சுமி.

"கூண்டோடயா?"

"கார்ல வேற எப்டி எடுத்துனு போறது? நாலு ஓட்டு ஓட்டுங்க, தானா உள்ள போய்டும்."

நாடா எறியாமல் வெறுமனே மிதித்தேன், பன்னையை அடித்தேன். டக், டக். கொல்லையில் வெயிலில் கிடந்த புட்டா எழுந்து, சோம்பல் முறித்து, தானாக நடந்து வந்து கூண்டுக்குள் போய் என்னைப் பார்த்தபடி படுத்தது. மஹாலட்சுமி கதவைச் சாத்திக் கொக்கியைப் போட்டாள். நான் மிதித்துக்கொண்டே இருந்தேன், அவர்கள் கூண்டைத் தூக்கிக் காரில் வைக்கும்வரை. அது ஒரு சத்தம் போடவில்லை.

சாயங்காலம் அவள் மட்டும் ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

"புட்டா எங்க?"

"அண்ணன் வீட்ல."

"அங்க இன்னா வேலை அதுக்கு?"

"இனிமே அங்கதான் இருக்கும்." புடவையைக்கூட மாற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தாள். "அண்ணன் கேட்டுச்சுங்க. எத்தினி வருஷம் கழிச்சு வந்து, என்கிட்ட வாயைத் தொறந்து கேட்ட ஒரே விஷயம் அதான். நான் இல்லன்னு சொல்லணுமா?"

"என்கிட்ட கேட்டியா நீ?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

ஊசி என்றாளே, என் நாயை என்னை வைத்தே பிடித்தாளே, நான் மிதித்த மிதிப்புக்கு ஓடிவந்து படுத்ததே என்று திரும்பத் திரும்ப அதுவே ஓடியது. ஒரு திருடன் வந்து தூக்கிக்கொண்டு போயிருந்தால் கத்தி ஊரைக் கூட்டியிருப்பேன். இவள்மேல் யாரிடம் போய்ப் புகார் சொல்வது? இத்தனை வருஷம் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்தவள்!

மறுநாள் தறியில் உட்கார்ந்தோம். முதலாளிக்குச் சேலை அறுத்துக் கொடுக்கவேண்டும், ரோஷம் பார்த்தால் அடுப்பு எரியாது. கூண்டு இருந்த இடத்தில் தரை மட்டும் பளிச்சென்று இருந்தது. ஆனால் மனசுக்குள் எனக்கு ஒரு நம்பிக்கை. அந்த அபார்ட்மெண்டில் ஏது தறி? ஒரு அமாவாசைக்கே தெருவைக் கூட்டிய நாய் அது. ஒரு ராத்திரி ஊளையிட்டால் போதும், 'எங்களுக்கு வேணாம்பா சாமி' என்று மச்சானே காரில் கொண்டுவந்து இறக்குவார். வரட்டும், அப்போது இவள் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கறுவிக்கொண்டு நெய்தேன்.

போன் வந்தபோதெல்லாம் காதைத் தீட்டினேன். ஒரு வாரம் ஆயிற்று. அண்ணனும் தங்கையும் குழம்பு வைப்பதிலிருந்து எல்லாம் பேசினார்கள், நாயைப் பற்றி மட்டும் ஒரு முறையீடும் இல்லை. மஹாலட்சுமி பாட்டுக்கு நிம்மதியாக நாடாவைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அந்த நிம்மதிதான் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. ஒரு நாள் மதியம் தறியிலிருந்து எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, யேசுதாஸின் வண்டியில் பின்னால் ஏறிவிட்டேன்.

"சண்ட போடப்போறியா?" என்று கேட்டான்.

"பாத்துட்டு வரலாம்பா. அவ்ளோதான்."

அவன் கீழே வண்டியோடு நின்றுகொண்டான். நான் லிப்ட்டில் மேலே போய், செருப்பைக் கழற்றிவிட்டு, பெல்லை அழுத்தக் கையைத் தூக்கினேன். அப்படியே நின்றுவிட்டேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது.

என் தறி. எனக்குத் தெரியாதா என் தறிச் சத்தம்? மிதிப்பலகையில் ஒரு ஆணி தளர்ந்து 'கிரீச்' என்று இழுக்கும், அதுவும் கேட்டது. டக், டக், கிரீச், டக். நடுவில் ஒரு ஆம்பளைக் குரல், நல்ல குரல், நிறுத்தி நிதானமாக: "படு புட்டா, தறி ஓடுது. அப்டித்தான், என் ராசா."

மித்ராவுக்குத் தறி பார்க்கணுமாம்! வீடியோவாம்! போனை நிறுத்தி வைத்து, என்னைப் பேசச் சொல்லி, என் பக்கத்திலேயே உட்கார்ந்து தாளம் தப்பாமல் நாடா கொடுத்தாளே. நாயைக் கொடுத்ததையாவது ஏதோ அவசரத்தில் செய்தாள் என்று மறந்திருப்பேனோ என்னவோ. இது எத்தனை நாள் யோசனை! நாய் என்னைத் தேடும் என்று தெரிந்து, தேடாமல் இருக்க என் தொண்டையையே பிடுங்கிக் கொடுத்திருக்கிறாள்.

பெல்லை அழுத்தினேன். மச்சானின் மனைவி திறந்து, "வாங்கண்ணா, சொல்லாம கொள்ளாம" என்று திகைத்தார். மித்ரா பள்ளிக்கூட உடுப்போடு ஓடிவந்தாள்.

"மாமா! புட்டா எவ்ளோ சமத்து தெரியுமா? வந்து பாருங்க!"

பால்கனியில் யேசுதாஸ் பற்றவைத்த கூண்டு. அதன்மேல் ஒரு சின்ன ஸ்பீக்கர். கூண்டின் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே புட்டா படுத்திருந்தது.

"புட்டா!" என்றேன்.

காது எழுந்தது. வால் கம்பியில் பட்டுப் படபடவென்று அடித்தது. உடம்பெல்லாம் நடுங்க முன்னங்காலை ஊன்றிப் பாதி எழுந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கரில் நான், "படு புட்டா, தறி ஓடுது" என்றேன். அது என் முகத்தைப் பார்த்தது. மேலே சத்தம் வரும் பக்கம் பார்த்தது. மறுபடியும் படுத்துக்கொண்டது.

"வாடா என் தங்கம். நான்தான்டா. வா."

படுத்தபடியே என்னைப் பார்த்தது. வரவில்லை.

"இத எப்பம்மா நிறுத்துவீங்க?" என்று மித்ராவிடம் கேட்டேன்.

"நிறுத்தினா கத்துது மாமா. அத்தைதான் சொன்னாங்க, ஓடிக்கினே இருக்கட்டும்னு. நான் ஸ்கூலுக்குப் போறப்ப, அம்மா கடைக்குப் போறப்ப, நைட்டு தூங்கறப்ப எல்லாம் ஓடும். காலைல வெளிய கூட்டினு போறப்ப மட்டும் ஆஃப் பண்ணுவோம்."

உலகத்தில் நிற்காத தறி உண்டா? இழை அறும், டீ வரும், இடுப்பு வலிக்கும், நிற்கும். நின்றால் வெளியே வரலாம் என்றுதான் நான் அதற்குச் சொல்லிக் கொடுத்தேன். அது வாக்கு மாதிரி. இங்கே இந்தச் சின்னப் பெட்டி மூச்சுவிடாமல் ஓடுகிறது, அதுவும் நிற்கும் நிற்கும் என்று காத்துக்கொண்டு கிடக்கிறது. என் குரல் வேறு 'என் ராசா' என்று கொஞ்சுகிறது. தண்ணீர்க் கிண்ணம் கூண்டுக்கு வெளியே ஒரு கை தூரத்தில் நிறைய இருந்தது.

ஸ்பீக்கரைப் பிடுங்கி அணைத்தேன். புட்டா ஒரு கணம் நம்பாமல் பார்த்தது. பிறகு வெளியே வந்ததே ஒரு வரத்து! என் மேல் ஏறி, கீழே விழுந்து, கிண்ணத்துத் தண்ணீரைக் குடித்து முடித்து, மறுபடி ஏறி, அழுதது. நாய் அழாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நானும்தான் அழுதேன், அந்தப் பிள்ளை பார்க்கப் பார்க்க.

"அழாதீங்க மாமா" என்று அவளும் அழுதாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆசையாகக் கேட்ட குழந்தை. அவள் தலையைத் தடவிவிட்டு, "உனக்கு வேற குட்டி வாங்கித் தரேன்டா, இது வேணாம்" என்றேன். குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். கூண்டை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வரும் முன்னாலேயே செய்தி வந்து சேர்ந்திருந்தது. மஹாலட்சுமி வாசலில் நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"எங்க அண்ணன் இனி இந்த வாசப்படி மிதிக்காதாம். சந்தோஷமா? ஒரு நாய்க்காக என் பொறந்த வீட்டை மறுபடியும் அறுத்துட்டீங்களே!"

"நீ பண்ணது இன்னான்னு தெரியுமா மகா? அந்தப் பொட்டில சத்தம் நிக்கவே இல்ல. பகல்ல, ராத்திரில, நிக்கவே இல்ல."

"அது அழக்கூடாதுன்னுதான் அனுப்பினேன்! அதும்மேல எனக்கு இன்னா பகையா?"

அவள் சொன்னது பொய்யில்லை என்று எனக்குத் தெரிந்தது. அதனால் என் கோபம் தணிந்துவிடவில்லை. "ஊசின்னு சொன்னியே" என்றேன். அவள் திரும்பி அடுக்களைக்குள் போய்விட்டாள்.

காலையில் நான் தறியில் இறங்கினேன். அவளும் வந்து உட்கார்ந்தாள். புட்டா அடுக்களை வாசலில் படுத்திருந்தது. கூண்டு இல்லையே, எங்கே போய்ப் படுக்கும் என்று நினைத்தபடி முதல் மிதி மிதித்தேன்.

டக் என்றதும் துள்ளி எழுந்தது. நின்ற இடத்திலேயே மூத்திரம் போயிற்று. வாலைக் காலுக்குள் சொருகிக்கொண்டு சுவரோரமாக நகர்ந்து, வாசல் கதவைப் பிறாண்ட ஆரம்பித்தது. நான் சட்டென்று நிறுத்தினேன். நின்றுவிட்டதடா, பார், நின்றுவிட்டது என்று கையை நீட்டினேன். எத்தனை தடவை அந்தக் கைக்கு ஓடிவந்திருக்கும்! இப்போது வரவில்லை. என் கையைப் பார்த்தே நடுங்கியது. தறி ஓடினால் இனி நிற்காது, அடைபட்டே கிடக்கவேண்டும் என்று அந்தப் பெட்டி அதற்குப் பழக்கிவிட்டிருந்தது.

மஹாலட்சுமி நாடாவைக் கீழே வைத்துவிட்டாள். வாய்க்குள் முந்தானையைத் திணித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

எல்லாம் செய்து பார்த்தோம். அவள் கொல்லைப் பக்கம் தூக்கிக்கொண்டு போய் மடியில் வைத்துக்கொண்டாள். நான் மெதுவாக மிதித்துப் பார்த்தேன். பொரை, பால், ஈரல், ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் தறி நின்றால் பக்கத்து வீட்டுத் தறி. அது நின்றால் எதிர்வீட்டுத் தறி. இந்தத் தெருவில் சத்தம் இல்லாத வீடு ஏது? ஒரு நாள் கதவு திறந்த நேரம் பார்த்து ஓடிவிட்டது. தேடித் தேடி அலைந்தால், யேசுதாஸின் கடையில், கம்பி அறுக்கிற மெஷின் போடுகிற அத்தனை இரைச்சலுக்கு நடுவில், பெஞ்சுக்கு அடியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"இருக்கட்டும் தேவா. இங்கயே இருக்கட்டும்" என்றான் அவன். இந்த முறை சிரிக்கவில்லை.

இப்போது சாயங்காலம் வேலை முடிந்ததும் நான் அங்கே போகிறேன். என்னைக் கண்டதும் ஓடிவரும், மேலே விழும், கையை நக்கும். நான் கிளம்பினால் கூடவே வரும். ரயில்வே கேட், டீக்கடை, பிள்ளையார் கோயில் என்று வாலை ஆட்டிக்கொண்டு பக்கத்திலேயே நடந்து வரும். எங்கள் தெருமுனைக்கு வந்ததும் நின்றுவிடும். உள்ளே யார் வீட்டிலோ தறி ஓடிக்கொண்டிருக்கும். நான் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டு அது வராமல் நிற்பதை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. நான் உள்ளே போகும்வரை பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும்.

நேற்றும் அப்படித்தான். மஹாலட்சுமி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இப்போதெல்லாம் தினமும் நிற்கிறாள்.

"இன்னிக்காவது வந்துச்சாங்க?"

"முனை வரைக்கும் வந்துச்சு."

அவள் தெருமுனைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். காலையில் மறுபடியும் பக்கத்தில் உட்காருவாள், நாடாவைத் திருப்பிக் கொடுப்பாள், நானும் வாங்குவேன். ஆனால் முன்னைப்போல் பார்க்காமல் வாங்குவதில்லை. அவள் கையை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறேன்.